தெளிந்த தண்ணீரில் மீன் நம்மை முதலில் பார்த்துவிடும்

பாப்பா தூண்டிலை ஏரியின் மிதவைத் தளத்துப் பலகைமேல் சாய்த்து வைத்துவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். தம்பி குப்புறப் படுத்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூண்டில் முனையிலிருந்து மஞ்சள் நரம்பு தளர்ந்து தொங்கியது. அந்தத் தளர்ச்சி மெல்ல மெல்ல நேராகி, நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கியதை முதலில் பார்த்தது தம்பிதான். "அம்மா, நூல் போகுது" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, எறும்பு போகிறது என்பது போலச் சொன்னான்.

பாப்பா முறுக்கை வாயில் கவ்வியபடியே தூண்டிலைத் தூக்கினாள். ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு பாஸ் மீன், அமெரிக்க ஏரிகளில் இருக்கிற வேட்டை மீன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய மீன்தான். கரைக்கு வந்ததும் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், நாக்கின் நடுவில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக ஒரு சின்னத் திட்டு இருக்கும், இந்த ஏரியில் எல்லோரும் ஸ்பாட்டட் பாஸ் என்று சொல்கிற மீனுக்கு அதுதான் அடையாளம். பாப்பா தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அப்புறம் மறுபடி தொட்டாள். வயிற்றுப் பக்கம் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுவதைத் தம்பி எண்ண ஆரம்பித்தான், ஆறு எண்ணுவதற்குள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டோம்.

இந்த ஒரு மீனுக்கு முன்னால், இதே ஏரியில், இரண்டு கோடைக்காலம் பிள்ளைகளோடு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். தனியாகப் போனால் எனக்கு மீன் கிடைக்கும். பிள்ளைகளோடு போனால் கிடைக்காது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெளிந்த தண்ணீரில் பாஸ் பிடிக்கவே முடியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அது தப்பு. பிள்ளைகள் இயல்பாகச் செய்கிற பல காரியங்கள் தெளிந்த தண்ணீருக்கு ரொம்பப் பொருத்தமானவை, அவற்றை மாற்றச் சொல்லி நான்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் பக்கம் இருக்கிற நம்மாட்கள் பலர் சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லேனியர் ஏரிக் கரையில் தூண்டிலோடு நிற்பதையும், ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் அழுதுகொண்டே காருக்குத் திரும்புவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லேனியர் இயற்கையான ஏரி இல்லை. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை கட்டிய பியூஃபர்ட் அணையின் நீர்த்தேக்கம், 1950இல் வேலை தொடங்கி 1956இல் முடித்தார்கள். பரப்பு சுமார் 38,000 ஏக்கர், கரையோரம் மட்டும் அளந்தால் 692 மைல். 1996 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடந்ததும் இங்கேதான். இவ்வளவு பெரிய தண்ணீரில் மீன் எங்கே இருக்கும் என்று திகைக்கத் தோன்றும். ஆனால் பிள்ளைகளோடு போகிறவருக்கு அதைவிட முக்கியமான விஷயம் தண்ணீரின் தெளிவு. அணைக்குப் பக்கமான தென்பகுதியில் வெயில் நாளில் படகிலிருந்து குனிந்தால் ஆழத்தில் கிடக்கும் பாறை தெரியும். நமக்குப் பாறை தெரிகிறதென்றால் பாறை பக்கத்தில் இருக்கிற மீனுக்கு நாமும் தெரிவோம்.

நான் வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். தாத்தாவோடு கால்வாயில் தூண்டில் போட்டுத்தான் பழக்கம். கலங்கல் தண்ணீர், மண்புழு, தக்கை, ஜிலேபிக் கெண்டை. கலங்கல் தண்ணீரில் மீன் இரையை மோப்பத்தாலும் அதிர்வாலும் தேடி வரும், நாம் கரையில் நின்று என்ன ஆட்டம் போட்டாலும் அதற்குக் கண்ணில் படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து நின்றதுதான் என் முதல் தவறு. பாஸ் கண்ணால் வேட்டையாடுகிற மீன். தெளிந்த தண்ணீரில் அது இரையை ஆற அமரப் பார்க்கும், சந்தேகம் வந்தால் திரும்பிவிடும்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளி உலகம் முழுவதும் ஒரு வட்டக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், வெளியே இருக்கிற எல்லாமே சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கிவிடும். நாலடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு அந்த வட்டம் நீர்ப்பரப்பில் ஒன்பதடி அகலம். இதில் நமக்கு வேண்டிய சங்கதி, வட்டத்தின் ஓரத்தில் இருப்பவை, அதாவது நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை, மீனுக்கு நசுங்கி மங்கலாகத்தான் தெரியும் என்பது. பத்து டிகிரிக்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட மறைந்த மாதிரி என்று தூண்டில்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை ஒருநாள் பாப்பாவின் நோட்டில் போட்டுப் பார்த்தேன். கரை தண்ணீர் மட்டத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தேகால் அடி உயரமான நான் நின்றபடி மறைய வேண்டுமானால் மீனிலிருந்து முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும். நாலடி உயரப் பாப்பாவுக்கு இருபத்திமூன்று அடி போதும். உட்கார்ந்திருக்கிற தம்பிக்குப் பதினோரு, பன்னிரண்டு அடி. அதாவது சின்னப் பிள்ளையால் எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பிள்ளையின் உயரமே சரியாக இருக்கிறது. நான் செய்துகொண்டிருந்தது என்னவென்றால், பாப்பாவுக்குப் பின்னால் நெட்டையாக நின்றுகொண்டு, கையைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மறைந்திருந்தாள், நான்தான் தெரிந்தேன். இப்போது நானும் உட்கார்ந்துவிடுவேன், வெளிர் நிறச் சட்டை போடுவதில்லை, சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல் தண்ணீரில் விழாத இடமாகப் பார்த்து உட்காருவேன்.

உட்காரச் சொன்னால் பிள்ளைகள் எத்தனை நேரம் உட்காருவார்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் கொக்கு உதவியது. இந்த ஏரிக் கரையில் நீலச் சாம்பல் நிறத்தில் ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு பெரிய நாரை வந்து நிற்கும், பிள்ளைகளுக்கு அது கொக்கு, அப்படியே இருக்கட்டும். ஒருநாள் அரைமணி நேரம் தூண்டிலைப் போடாமல் அதை மட்டும் பார்த்தோம். ஒரு காலை எடுத்து வைக்க அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாப்பா எண்ணினாள். அதற்கப்புறம் தண்ணீர் ஓரத்துக்குப் போகிற கடைசி இருபது தப்படியும் கொக்கு நடைதான். யார் மெதுவாகப் போகிறார்கள் என்று போட்டி. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் நிற்கிற மீனைப் பெரியவர்களே காலடியில் மிதித்து விரட்டிவிடுவோம், இந்த ஒரு விளையாட்டால் அது நின்றது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பிள்ளைகளை அநியாயமாக அதட்டியிருக்கிறேன். "ஷ்ஷ், பேசாத, மீன் ஓடிரும்" என்பது நம் எல்லோர் வாயிலும் வருவது. காற்றில் போகிற பேச்சுச் சத்தத்தில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும், உள்ளே போவது மிகக் கொஞ்சம். ஆனால் பலகையில் குதிக்கிற சத்தமும், அலுமினியப் படகில் டப்பா விழுகிற சத்தமும் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன, தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம்: பேசலாம், பாடலாம், கதை கேட்கலாம், குதிக்கக் கூடாது, பெட்டியைத் தொப்பென்று வைக்கக் கூடாது. ஷூவைக் கழற்றிவிட்டு நடப்பது தம்பிக்குப் பிடிக்கும், பலகையில் சிராய் இல்லையென்றால் விட்டுவிடுவேன். வாயை மூடச் சொல்லாததால் ஒன்றரை மணி நேரம் சந்தோஷமாக இருக்கிறார்கள். முன்பெல்லாம் முப்பது நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள்.

அடுத்தது நேரமும் இடமும். வெளிச்சம் குறைவாக இருக்கும்போதுதான் தெளிந்த தண்ணீர் மீன் தைரியமாக மேலே வரும். விடிகாலை, சாயங்காலம், மேகம் மூடிய நாள், தூறல் நாள். சின்னப் பிள்ளைகள் விடிகாலையில் தானாகவே எழுந்துகொள்கிறார்கள், எல்லா அம்மாவுக்கும் தெரியும் அது. கோடையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். ஒன்பதுக்கு மேல் ஜெட் ஸ்கீ, படகு அலை, வெயில், எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பூங்காவுக்குப் பத்து மணிக்குப் போய்க் குடை விரித்து உட்கார்வது சுற்றுலா, அது வேறு சந்தோஷம், அதில் பாஸ் எதிர்பார்க்கக் கூடாது.

காற்று அடிக்கிற நாளை விடாதீர்கள். அமைதியாகக் கண்ணாடி போலக் கிடக்கிற ஏரி பார்க்க அழகு, ஆனால் அது மீனுக்கும் கண்ணாடிதான். சிற்றலை எழுந்தால் வெளிச்சம் சிதறும், நரம்பும் நாமும் மங்கிவிடுவோம், போதாததற்குக் காற்று நுண்ணுயிர்களை ஒரு பக்கக் கரைக்குத் தள்ளும், அதைத் தின்ன வருகிற பொடி மீன் பின்னாலேயே பாஸும் வரும். எனவே காற்று மோதுகிற கரைக்குப் போ என்பது இங்கே எல்லோரும் சொல்வது. சரி, ஆனால் அந்தக் கரையில் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், மூன்று கிராம் எடையைக் காற்றுக்கு எதிரே வீச ஒரு ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது, நரம்பு வளையம் வளையமாகப் பறந்து சிக்கிக்கொள்ளும், அதை நான் பிரிப்பதிலேயே காலை போய்விடும். இதற்கு நான் கண்ட வழி, ஏரிக்குள் மூக்கு நீட்டிய மாதிரி துருத்திக்கொண்டிருக்கிற கரை முனைகள். அங்கே பக்கவாட்டுக் காற்று கிடைக்கும். பிள்ளை நேராக வீசலாம், காற்றே நரம்பை மெல்ல வளைத்து இரையை முனையைச் சுற்றிக் கொண்டுபோகும். எங்களுக்கு அதிக மீன் தந்தது இந்த மாதிரி முனைகள்தான், கூழாங்கல்லும் கெட்டியான செம்மண்ணும் கலந்த தரை என்றால் இன்னும் நல்லது.

ஒரே ஏரி எல்லா இடத்திலும் ஒரே தெளிவாக இருக்காது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வடக்கே கெய்ன்ஸ்வில் தாண்டி சட்டஹூச்சியும் செஸ்டாட்டீயும் உள்ளே வருகிற பக்கம் ஜார்ஜியாச் செம்மண் கரைந்து, மழைக்கு இரண்டு நாள் கழித்துத் தேநீர் நிறத்தில் இருக்கும். தென்பகுதியிலும் ஓடைகள் வந்து சேர்கிற ஒடுக்கமான இடங்களில் மழைக்குப் பின் லேசான கலங்கல் நிற்கும். அங்கே மீன் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் நிற்கும், பிள்ளைகள் வீசுகிற பத்துப் பதினைந்தடி தூரமே போதும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தோம். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, அடியில் கல் கட்டி, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு. தட்டைத் தண்ணீரில் இறக்க வேண்டியது, கண்ணுக்கு மறைகிற இடத்தில் எத்தனை முடிச்சு என்று பார்க்க வேண்டியது. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து பார்த்த சோதனைதான் இது, ஏரி ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரிலேயே தட்டு வைத்திருக்கிறார்கள். தம்பிதான் கயிறு பிடிப்பான். "இன்னும் தெரியுது, இன்னும் தெரியுது, போச்சு" என்று அவன் சொல்கிற அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாப்பா முடிச்சை எண்ணுவாள். நாலு முடிச்சு, ஐந்து முடிச்சு என்றால் இங்கேயே உட்காரலாம். பத்துக்கு மேல் போனால் வேறு ஓடை பார்க்கலாம், இல்லையென்றால் நிழலும் ஆழமும் சேர்ந்த இடமாகப் பார்க்க வேண்டும்.

நிழல் என்றால் எங்களுக்கு மிதவைத் தளம்தான். தளத்துக்கு அடியில் மீன் நிற்கும் என்று தெரிந்தும், பாப்பாவைத் தளத்தின் நுனிக்குக் கூட்டிப்போய்த் தூரமாக வீசச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர்களின் புத்தி அது, தூரமாகப் போனால்தான் மீன் என்று. மீன் எங்கள் காலுக்கு அடியில் இருந்தது. நேராகக் கீழே இறக்கினால் வீசவே வேண்டாம், முள் யார் கண்ணிலும் காதிலும் படாது, சிக்கு கிடையாது. தம்பி வயதுக்கு இதுதான் மீன்பிடி. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது கயிறு, முள் விவகாரம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கடையில் பிள்ளைகளுக்கென்று பொம்மைப் படம் போட்டு இரண்டரை அடியில் விற்கிற தூண்டிலை வாங்காதீர்கள். அதில் வருகிற தடித்த நரம்பு தெளிந்த தண்ணீரில் வடக்கயிறு மாதிரி தெரியும். ஐந்தரை அடியில் மெல்லிய, லேசான சாதாரணத் தூண்டிலும் நூல் சுற்றுகிற சின்ன ஸ்பின்னிங் ரீலும் போதும். ரீலில் பத்துப் பவுண்டு தாங்கும் மஞ்சள் பிரெய்டு நூல் (இழைகளைப் பின்னியது), அதன் நுனியில் எட்டடிக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு, ஆறு அல்லது எட்டுப் பவுண்டு. மஞ்சள் நூல் பிள்ளையின் கண்ணுக்கு, ஃபுளோரோகார்பன் மீனின் கண்ணுக்கு. ஃபுளோரோகார்பன் ஒளியை வளைக்கிற அளவு 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரோடு நெருக்கமாக இருப்பதால் நைலானைவிடக் குறைவாகத் தெரியும், கனமாக இருப்பதால் தானாக மூழ்கும். மீன் தொட்டதைக் கை உணர்வதற்கு முன்னால் பிள்ளையின் கண் பார்த்துவிடும், தம்பி பார்த்த மாதிரி. கையில் உணர்கிற பக்குவம் வர வருஷங்கள் ஆகும், கண் இப்போதே கூர்மையாக இருக்கிறது.

இரை சின்னதாக, தண்ணீர் நிறத்தோடு ஒத்ததாக இருக்க வேண்டும். நான் போட்டுக்கொடுப்பது நெட் ரிக் என்கிற இரை அமைப்பு, நெட் என்ற கான்சாஸ்காரரின் பெயரால் வழங்குவது. காளான் தலை மாதிரி ஒரு சின்ன எடை, அதில் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு ரப்பர் புழு, பழுத்த பச்சை நிறம். இந்த ரப்பர் மிதக்கும் தன்மையுள்ளது, ஆகவே எடை தரையில் உட்கார்ந்ததும் புழு வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாரும் அசைக்காவிட்டாலும் தண்ணீர் அசைவிலேயே வால் ஆடும். இங்கேதான் பாப்பாவின் முறுக்கு வேலை செய்தது. நான் இழு, விடு, ஆட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், தெளிந்த தண்ணீரில் அத்தனை ஆட்டமும் பொய் என்று மீன் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் மறந்துபோய் வைத்தபோது இரை உயிருள்ள ஒன்று ஓய்வெடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது வேண்டுமென்றே மறக்கிறோம். போட்டுவிட்டு ஒரு முறுக்கு, அப்புறம் ஒரு தடவை மெல்லத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த முறுக்கு.

கீழே இறங்குவதை எண்ணுவதும் ஒரு வேலை. இந்த எடை வினாடிக்கு ஓரடி போல இறங்கும். பாப்பா ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் எண்ணுவாள், மீன் பன்னிரண்டில் கடித்தது என்றால் அடுத்த தடவை பன்னிரண்டில் நிறுத்தச் சொல்வேன். இருபதுக்கு மேல் தமிழில் எண்ண வராத பிள்ளை, ஒரே கோடையில் முப்பத்தைந்து வரை தடையில்லாமல் சொல்கிறாள். வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது இருபத்தொன்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் எத்தனை சண்டை.

முப்பது அடிக்குக் கீழே நாங்கள் போவதில்லை. கோடையில் பெரிய ஸ்பாட்டட் பாஸ் ஆழத்தில் போட்டு வைத்த மரக்கிளைக் குவியல்களைச் சுற்றி நிற்கும், படகுக்காரர்கள் அங்கே பிடிக்கிறார்கள். ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கினால் மீனின் காற்றுப்பை உப்பிவிடும், விட்டாலும் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். பிள்ளை மீனைப் பார்க்க, தொட, படம் எடுக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தை ஆழத்து மீன் தாங்காது. பெரிய மீன் வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்ட எல்லை இது.

இன்னொன்றும் செய்வதில்லை. ஏப்ரலில் தண்ணீர் சூடேறும்போது பாஸ் கரையோரம் கூடு கட்டும். தெளிந்த தண்ணீரில் கூடு வெள்ளையாக, வட்டமாகப் பளிச்சென்று தெரியும், ஆண் மீன் அதன்மேல் காவல் நிற்கும். பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொடுக்க இதைவிடச் சுலபமான மீன் இல்லை. பாப்பா கேட்டாள், "அங்க ஒண்ணு நிக்குது பாரு, போடலாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். சுற்றிலும் சின்ன மீன்கள் முட்டை தின்னக் காத்துக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாகக் கிட்டே வர வர அந்த ஆண் மீன் பாய்ந்து விரட்டிவிட்டு, திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றது. இருபது நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அதை ஐந்து நிமிடம் வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று தம்பிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த முட்டை திருடுகிற சின்ன மீன்கள்தான் புளூகில், ஜார்ஜியாக்காரர்கள் பிரீம் என்பார்கள். பாஸ் வராத நாளைக் காப்பாற்றுவது இவைதான். எந்தப் பயணத்தையும் முதல் கால்மணி நேரம் மண்புழுவும் தக்கையும் போட்டுப் பிரீம் பிடிப்பதில்தான் தொடங்குவோம், தாத்தா கற்றுக்கொடுத்த அதே முறையில், அதே மாதிரி புழுவைத் துண்டாக்கி. கையில் மீன் வாசம் வந்துவிட்ட பிள்ளை அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பாஸுக்குக் காத்திருக்கும். வெறுங்கையோடு தொடங்கினால் காத்திருக்காது.

பாதுகாப்பு. ஓடுகிற படகில் 13 வயதுக்குக் கீழே லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்பது ஜார்ஜியாச் சட்டம். தளத்தில் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன், தம்பி காரை விட்டு இறங்கும்போதே போட்டுக்கொண்டுதான் இறங்குவான். எல்லா முள்ளிலும் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கிற சின்னக் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவேன். போன வருடம் பாப்பாவின் தோள்பட்டையில் ஒரு முள் ஏறியது, நான் வீசிய வீச்சில்தான். கொக்கி இல்லாததால் வந்த வழியே வழுக்கி வெளியே வந்தது, அவள் அழுது முடிப்பதற்குள் கட்டுப்போட்டாயிற்று. கொக்கி இருந்திருந்தால் அன்று மருத்துவமனைக்குப் போயிருப்போம். மூவரும் கறுப்புக் கண்ணாடி போடுகிறோம், வெயிலுக்கும் முள்ளுக்கும். ஈயக் குண்டை நிறுத்திவிட்டு டங்ஸ்டன் வாங்குகிறேன், விலை அதிகம்தான், ஆனால் முறுக்கு தின்கிற கை அது. அணைக்குக் கீழே ஆற்றில் டிரவுட் மீன் நிறைய, ஆனால் அங்கே மின்சாரத்துக்காகத் திடீரென்று தண்ணீர் திறப்பார்கள், குளிர்ந்த தண்ணீர், நொடியில் மட்டம் ஏறும். பிள்ளைகளை அங்கே நான் கூட்டிப்போவதில்லை. பெரியவர்களுக்கு உரிமம் வேண்டும், 16 வயது ஆகாத பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அடுத்த ஏப்ரல் கடைசியில் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிட விடியற்காலையில் முனைகளுக்கு வரும். அவற்றைத் தேடி ஆழத்துப் பாஸ் எல்லாம் பிள்ளைகள் வீசுகிற தூரத்துக்கு வந்துவிடும், வருடத்தில் சில வாரம்தான் இப்படி. மேலே மிதந்து வருகிற சின்ன வெள்ளி இரை ஒன்றைத் தம்பிக்காக எடுத்து வைத்திருக்கிறேன், கொக்கி நசுக்கியாயிற்று. அவனுக்கு அப்போது ஐந்து முடிந்திருக்கும். முடிச்சுப் போட்ட கயிறும் வெள்ளைத் தட்டும் இப்போதே கார் டிக்கியில்தான் கிடக்கின்றன, எடுத்து உள்ளே வைத்தால் அவன் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறான்.